பழியெல்லாம் கிடாருக்கு

மூன்றாவது பாட்டின் சரணத்துக்குள் வந்துவிட்டார்கள். இதற்கடுத்து ஒரு குத்துப்பாட்டு, அதற்கடுத்தது தன்னுடையது, அப்போது அந்தக் கறுப்புப் பெட்டியைத் திறந்துவிடுவார்கள் என்று கஸ்பார் எண்ணிக்கொண்டிருந்தார். பெட்டி அங்கேதான் இருந்தது. மாப்பிள்ளையும் பெண்ணும் நின்று போட்டோவுக்குச் சிரிக்கிற சிவப்பு சோபாவுக்குப் பின்னால், பரிசுப் பொட்டலங்களோடு பொட்டலமாக, சுவரில் சாய்ந்து நின்றது. மேடையின் இடது மூலையில், தன்னுடைய சின்ன ஸ்பீக்கர் பெட்டிக்கு முன்னால் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, அவர் பாட்டுக்கு ரிதம் போட்டுக்கொண்டு அதையேதான் பார்த்துக்கொண்டிருந்தார். ரிதம் போட அவருக்குக் கண்ணும் வேண்டாம், புத்தியும் வேண்டாம். திருச்சியில் சிகாமணியின் மெல்லிசைக் குழு பாடாத கல்யாண மண்டபம் கிடையாது, அத்தனையிலும் கிடார் அவர்தான். கஸ்பார் என்றால் யார் என்று கேட்கிறவன்கூட கிடார் கஸ்பார் என்றால் ஓ அவரா என்பான். அந்த ஆள்தான் இப்போது ஒரு பெட்டியைப் பார்த்து நடுங்கிக்கொண்டிருக்கிறார், வெட்கக்கேடு. சாயங்காலம் மைக் சோதித்துக்கொண்டிருந்தபோதே சிகாமணி வந்து குண்டைப் போட்டுவிட்டார். "கஸ்பாரு, மாப்பிள்ளை அமெரிக்காவுலேந்து ஒரு கிடார் கொண்டாந்திருக்காருய்யா. ஒரிஜினலாம். நம்மகிட்ட இருக்குற காப்பி மாதிரி இல்ல. அந்த டூயட்ட நீ அதுலதான் வாசிக்கணுமாம். குடுத்து வச்சவன்யா நீ." பக்கத்தில் கீபோர்டை மேசைமேல் ஏற்றிக்கொண்டிருந்த கலீல் அப்போது தலையைத் தூக்கி இவரைப் பார்த்தான், பார்த்துவிட்டு வயரைச் சொருகக் குனிந்துகொண்டான். குடுத்து வச்சவன். சிகாமணிக்கு என்ன தெரியும்? ஒருத்தனுக்கும் ஒன்றும் தெரியாது, அது ஒன்றுதான் இத்தனை நாளும் தைரியம்.

அப்புறம் மாப்பிள்ளையே வந்துவிட்டான். நிவேதன் என்று பெயர், கோட்டும் சூட்டுமாக, மேக்கப்போடு, அவசர அவசரமாக மேடை ஏறி வந்து குனிந்து இவர் கையைப் பிடித்துக்கொண்டான். இடது கையை. பிடிக்க வேறு கையே கிடைக்கவில்லை அவனுக்கு. "அங்கிள், என்னய உங்களுக்குத் தெரியாது. பொன்மலையில எங்க குவார்ட்டர்ஸ் தெரு பிள்ளையார் சதுர்த்திக்கு நீங்க வாசிப்பீங்க. நான் ஸ்டேஜ் ஓரமா நின்னு உங்க விரலையே பாத்துக்கிட்டிருப்பேன். அந்த டூயட்டுல ரெண்டாவது பி.ஜி.எம், கிடார் மட்டும் தனியா எறங்கி வருமே, அதுக்காகத்தான் அங்கிள் இத வாங்குனேன். கத்துக்கிட்டுப் பாத்தேன், எனக்கு வரல. உங்க கையில கேக்கணும் எனக்கு." கண்ணில் தண்ணீர் நிற்கிற அளவுக்கு அவனுக்கு ஆசை. அதுக்கென்ன தம்பி, ஜமாய்ச்சிடுவோம் என்று சொன்னது யார் வாய்? இந்த வாய்தான். நாப்பது வருஷப் பழக்கம், கேட்டதும் சரி என்று சொல்லிவிடும். வேண்டாம்பா, எனக்குப் பழகின கிடாரே போதும் என்று சொல்லியிருக்கலாம். புதுசு பழகாம மேடையில தொடக்கூடாதுப்பா என்று பெரிய மனுஷத் தோரணையில் சொல்லியிருக்கலாம், அவனும் கேட்டுக்கொண்டிருப்பான். இப்போது தோன்றுகிறது, எல்லாம் இப்போதுதான் தோன்றுகிறது. கை ஜி மைனர் பிடித்துத் திரும்ப சி பிடிக்கிறது, சிகாமணி சரணத்தைத் தூக்கிக்கொண்டு போகிறார், கூட்டத்தில் யாரோ ஒரு குழந்தை ஐஸ்கிரீம் கேட்டு வீறிட்டு அழுகிறது. அழு, நன்றாக அழு, நானும் உன்னோடு சேர்ந்து அழ வேண்டியவன்தான் என்று நினைத்துக்கொண்டார்.

ஒரிஜினல் என்கிற வஸ்துவை அவர் ஜன்மத்தில் தொட்டதில்லை. கேசட் அட்டையில் பார்த்திருக்கிறார், வெள்ளைக்காரன் தோளில் தொங்குகிற படத்தில் பார்த்திருக்கிறார், அவ்வளவுதான். அவர் கைக்கு வந்ததெல்லாம் காப்பி. முதல் காப்பி கல்கத்தாவில் செய்தது, இரண்டு கொம்பு வைத்த ஸ்ட்ராட் மாடல், மாமரமோ என்ன மரமோ, மேலே கார் பெயின்ட். அதன் தலையில் கம்பெனிப் பெயர் இல்லாமல் மொட்டையாக இருக்கிறதே என்று பாலக்கரையில் போர்டு எழுதுகிற ஆளிடம் கொடுத்து, கேசட் அட்டையைக் காட்டி, இதே மாதிரி எழுதித் தாப்பா என்றார். அவன் அச்சு மாறாமல் எழுதினான், எழுதிவிட்டுக் கீழே ஓரமாக பாபு ஆர்ட்ஸ் என்று தன் பெயரையும் போட்டுவிட்டான். அதை வைத்துக்கொண்டு எத்தனை வருஷம் வாசித்தார், மேடையில் விளக்கு அடிக்கும்போது பாபு ஆர்ட்ஸும் சேர்ந்து மின்னும், கடவுளே. அதற்கப்புறம் தடியாக ஒன்று, லெஸ்பால் மாடல், ஒரு பக்கம் மட்டும் வெட்டு விழுந்தது, ஒட்டுப்பலகையில் செய்தது, தூக்கினால் தோள்பட்டை இறங்கிவிடும். அப்புறம் சீனாக்காரன் செய்த சிவப்பு. கடைசியாக இப்போது மடியில் இருக்கிற இந்தோனேசியா நீலம், இருப்பதிலேயே உருப்படி. விலை கம்மியில் கிடைக்கிற கிடாரில் என்னென்ன கெட்டுப்போகும் என்று கஸ்பாருக்குத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் தெரியும். கம்பி உட்கார்கிற பள்ளம் ஆழமாகிவிட்டால் கல்யாணப் பத்திரிகையில் ஒரு துண்டு வெட்டி அடியில் கொடுக்க வேண்டும், மற்ற காகிதம் நசுங்கிவிடும், பத்திரிகைதான் சரி, ஏறின மேடையெல்லாம் அவர் கிடாருக்குள் இருக்கிறது என்று கலீல் கேலி செய்வான். கம்பி சிக்கினால் பென்சிலால் பள்ளத்தில் நாலு கீறு. கம்பியின் சத்தத்தை வாங்குகிற பிக்கப் விசிலடித்தால் மாதா கோயிலில் எரிந்து மிஞ்சின மெழுகுவத்தியை உருக்கி அதில் முக்கி எடுக்க வேண்டும், மாதா பெயரால் விசில் நின்றுவிடும். வெயில் காலத்தில் மரம் சுருங்கி, கழுத்தில் குறுக்கே பதித்த ஃப்ரெட் கம்பி ஓரத்தில் கத்தி மாதிரி நீட்டும், ஏசி மண்டபத்தில் சுருதி இறங்கும், மழைக்குக் கழுத்து வளையும், உள்ளே ஓடுகிற இரும்புக் கம்பியைச் சாவி போட்டுக் கால் சுற்று திருப்பினால் நிமிரும். எதுவாக இருந்தாலும் கை முதலில் சாவிக்குத்தான் போகும். காப்பி வாசிக்கிறவன் அப்படித்தான் வளர்கிறான். ஒரு சுரம் பிசகினால் நல்ல கிடார் வைத்திருக்கிறவன் தன்னைச் சந்தேகப்படுவான், காப்பி வைத்திருக்கிறவன் கிடாரைச் சந்தேகப்படுவான். பத்துக்கு ஒன்பது தடவை அவன் சந்தேகம் சரியாகவும் இருந்துவிடும், அங்கேதான் வந்தது வினை.

மோதிர விரல் முதன்முதலில் மடங்கினது ஒரு தேர்த் திருவிழாக் கச்சேரியில். இதே டூயட், இதே இரண்டாவது இடையிசை, மேலேயிருந்து கீழே இறங்கி வருகிற அந்த ஓட்டத்தில் மோதிர விரலும் சுண்டு விரலும் மாறி மாறி விழ வேண்டிய இடம். சுண்டு விரல் விழுந்தது. மோதிர விரல் விழாமல் உள்ளங்கைக்குள் சுருண்டுகொண்டது. வலி கிடையாது, மரத்துப்போகவும் இல்லை, யாரோ கூப்பிட்ட மாதிரி தன்பாட்டுக்கு உள்ளே போய்விட்டது. இரண்டு சுரம் விழுங்கிப்போச்சு, டிரம் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை. வீட்டுக்கு வந்து பார்த்தார், அந்த இடத்தில் ஃப்ரெட் கொஞ்சம் தூக்கியிருந்தது. தூக்கித்தான் இருந்தது, சத்தியமாக, விரலால் தடவினால் தெரிந்தது. ராவித் தேய்த்தார். சரியாகவில்லை. கழுத்தை நிமிர்த்தினார், கம்பியை மெல்லிசாக்கினார், பத்திரிகைத் துண்டை எடுத்தார், திரும்ப வைத்தார். கடைசியில் கழுத்தே கோணல், இந்தச் சனியனை விட்டொழிக்க வேண்டும் என்று சீனாக்காரன் சிவப்பை எடுத்தார். அதில் விரல் ஒழுங்காக விழுந்தது! பார்த்தாயா, நான் சொல்லவில்லையா என்று மனைவி பிலோமியிடம் வாசித்தே காட்டினார். கொஞ்ச மாதம். அப்புறம் சிவப்பிலும் அதே இடம், அதே மடக்கல். சிவப்பின் கழுத்து தடிமன் என்று கண்டுபிடித்தார். நீலம் வந்தது, நீலத்திலும் கொஞ்ச மாதம் விரல் சொன்னபேச்சுக் கேட்டது, இப்போது கேட்பதில்லை. ஒவ்வொரு கிடாரும் முதலில் நல்ல பிள்ளையாக இருந்து பிறகு கெட்டுப்போனால் மனுஷன் என்னதான் நினைப்பான்? காப்பி, அவ்வளவுதான் அதன் ஆயுள் என்றுதான் நினைப்பான்.

ஏனென்றால் விரலில் ஒரு குறையும் இல்லை. இதை அவர் எத்தனை தடவை சோதித்திருக்கிறார். அதே விரல் சட்டைப் பொத்தான் போடுகிறது, மீனில் முள் எடுக்கிறது, மொபட் பிரேக்கைப் பிடிக்கிறது, ஜெபமாலை மணியைத் தள்ளுகிறது. டாக்டரிடம்கூடப் போனார், பிலோமிக்குத் தெரியாமல், காய்ச்சல் என்று சொல்லிவிட்டு. டாக்டர் தன் இரண்டு விரலை நீட்டி அழுத்திப் பிடிங்க என்றார், பிடித்தார், "போதும் போதும், நல்லா இரும்பு மாதிரி இருக்கு, என்னைய விட ஸ்ட்ராங்கா இருக்கீங்க" என்றார். கிடாரை எடுத்துக்கொண்டு போயிருக்கலாம், டாக்டர் முன்னால் வாசித்துக் காட்டியிருக்கலாம். ஏன் போகவில்லை? ஆஸ்பத்திரிக்கு யாராவது கிடாரைத் தூக்கிக்கொண்டு போவார்களா, சிரிக்க மாட்டார்களா? இல்லை, அது இல்லை காரணம். காரணம் என்னவென்று மனசு எட்டிப் பார்க்கும், உடனே திரும்பிவிடும், வேறு ஏதாவது பேசும். கல்யாண மோதிரத்தின் கனம்தான் விரலை இழுக்கிறது என்று ஒருநாள் தோன்றி, சோப்புப் போட்டுக் கழற்றி அலமாரியில் வைத்தார். பிலோமி பார்த்துவிட்டாள். "மோதிரத்தக் கழட்டியாச்சு. அடுத்து என்னையக் கழட்டி வைக்கப்போறீங்களா?" என்றாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள், ஆனால் அன்று சாயங்காலம் முழுக்க அவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். கேளடி, கேட்டுவிடேன் என்று மனசு தவித்தது, கேட்டுவிடுவாளோ என்று பயந்து எழுந்து வாசலுக்குப் போய்விட்டார். வயலின் ஜெயசீலனுக்கு வில் பிடிக்கிற கை நடுங்கினபோது அவன் மறுநாளே சிகாமணியிடம் வந்து, எனக்குக் கை போச்சுண்ணே என்று சொல்லிவிட்டான். எப்படிச் சொன்னான்? எந்த வாயால் சொன்னான்? இப்போது அவன் கச்சேரிக்கு வந்து, விருந்தாளிகள் பாட்டுப் பெயர் எழுதித் தருகிற துண்டுச் சீட்டை வாங்கி சிகாமணியிடம் சேர்க்கிறான், நன்றாகச் சிரித்துப் பேசுகிறான், சாப்பாட்டுப் பந்தியில் நமக்கு இடம் பிடித்து வைக்கிறான். அவனைப் பார்த்தால் கஸ்பாருக்கு எரிச்சல் எரிச்சலாக வரும். அப்படிச் சிரிக்க என்னால் ஆகாது, செத்துப்போவேன், நிஜமாகவே செத்துத்தான் போவேன்.

நாலாவது பாட்டு தொடங்கிவிட்டது. பெண் வீட்டுப் பையன்கள் மேடைக்கு முன்னால் ஆட வந்துவிட்டார்கள், டிரம் சத்தத்தில் காது கிழிகிறது, கிடாருக்கு அதிக வேலையில்லை, வேலையில்லாததுதான் கொடுமை. நினைப்பு சுற்றிச் சுற்றி அங்கேயே வந்து நிற்கிறது. ஒரிஜினலில் விரல் விழுந்துவிட்டால்? விழலாம். ஏன் விழக்கூடாது? புதுக் கிடாரில் எப்போதும் முதலில் விழுகிறதே, அதுவும் ஒரிஜினல், கழுத்து அளவாக இருக்கும், ஃப்ரெட் அளவாக இருக்கும், விழும், ஜம்மென்று விழும். அப்போது குற்றம் கிடாருடையதுதான் என்று ஆகிவிடும், இத்தனை வருஷமும் தான் நினைத்தது சரி என்று ஆகிவிடும். விழாவிட்டால்? விழாவிட்டால் அப்புறம் யாரைச் சொல்வது? அதற்கு மேலே ஒரு கிடார் உலகத்தில் கிடையாது. காப்பி இருக்கிறவரைதான் சாக்கு இருக்கிறது, ஒரிஜினலைத் தொட்ட பிறகு சாக்கே இல்லை, வெறும் கைதான் மிச்சம். தப்பித்துவிட வேண்டும். நெஞ்சு வலி என்று சாய்ந்துவிடலாமா? சாய்ந்தால் கல்யாண வீட்டில் அபசகுனம், பாவம் அந்தப் பையன். வயிறு சரியில்லை என்று கழிப்பறைக்குப் போய்த் தாழ் போட்டுக்கொள்ளலாம், சிகாமணி பாட்டை மாற்றிவிடுவார். மாற்ற மாட்டார், மாப்பிள்ளை கேட்டதல்லவா, காத்திருப்பார்கள். சுருதி சேர்க்கிற சாக்கில் முதல் கம்பியை ஒரு சுற்று அதிகமாக முறுக்கினால் போதும், டப்பென்று அறுந்துவிடும், அடடா தம்பி புதுக் கம்பி போடணுமே, நேரமாகுமே, என் கிடாரிலேயே வாசிச்சிடுறேன். அதுதான் வழி! கம்பி அறுப்பது ஒரு பாவமா? காப்பியில் எத்தனை கம்பி தானாக அறுந்திருக்கிறது. ஒன்று, ஒரே ஒன்றை வேண்டுமென்று அறுத்தால் என்ன? மாதாவே, அறுந்துவிடட்டும்.

குத்துப்பாட்டு முடிந்து ஆடினவர்கள் மூச்சு வாங்க ஒதுங்கினார்கள். சிகாமணி மைக்கில், "அடுத்து நம்ம மாப்பிள்ளையோட நேயர் விருப்பம்" என்று ஆரம்பித்து, கஸ்பாரைப் பற்றிப் பெருமையாக என்னென்னவோ சொன்னார், சொல்லட்டும். நிவேதனே பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து இவர் முன்னால் மண்டியிட்டுத் திறந்தான். உள்ளே மஞ்சள் வெல்வெட்டில் கிடந்தது அது. இரண்டு கொம்பு, மூன்று பிக்கப், வெயிலில் காய்ந்த சந்தன நிறம். இத்தனை வருஷமாகப் பார்த்துப் பார்த்துச் செய்த காப்பியெல்லாம் எதைப் பார்த்துச் செய்ததோ, அது. அழகாக இருந்தது, பாவி, அழுகை வருகிற அளவுக்கு அழகாக இருந்தது. எடுத்து மடியில் வைத்தபோது கஸ்பாருக்கு ஒரு ஆசை வந்தது, இது காப்பியாக இருக்கட்டும் என்று. ஏமாந்திருப்பான் பையன், அமெரிக்காவிலும் எவனாவது தலையில் கட்டியிருப்பான். காப்பியைக் கண்டுபிடிக்கத் திருச்சியில் இவரை விட்டால் யார்? தலையில் எழுத்தைப் பார்த்தார், நகத்தால் சுரண்டினார். கழுத்தும் உடம்பும் சேர்கிற இடத்தில் நகம் நுழைகிறதா என்று பார்த்தார், நுழையவில்லை. ஃப்ரெட் ஓரங்களைத் தடவினார், வழுவழு என்று உருண்டு போயிற்று. கம்பி முறுக்குகிற சாவியைத் திருப்பினால் தளர்ச்சியே இல்லை, கழுத்தை ஒரு கண்ணை மூடிப் பார்த்தால் நூல் பிடித்த மாதிரி இருக்கிறது. ஒரு குறை, ஏதாவது ஒரு குறை, கடவுளே ஒரே ஒரு குறை. "என்ன அங்கிள் தேடுறீங்க?" என்றான் பையன். "ஒண்ணுமில்ல தம்பி. நல்லா இருக்கு." குரல் நடுங்கினதை அவன் சந்தோஷம் என்று எடுத்துக்கொண்டான். சரி, கம்பி. முதல் கம்பியை முறுக்கினார், இன்னும் கொஞ்சம், சுருதி தாண்டிப் போய்விட்டது, இன்னும் கொஞ்சம். "அறுந்தாலும் பரவால்ல அங்கிள், ஸ்பேர் செட்டு ரெண்டு கொண்டாந்திருக்கேன், போட்டுத் தர ஆளும் நிக்கிறான், நாங்க வெயிட் பண்றோம்" என்றான் அவன். கஸ்பார் சாவியிலிருந்து கையை எடுத்துவிட்டார். கம்பியை மெதுவாகப் பழைய சுருதிக்கு இறக்கினார்.

"இங்க வேணாம் அங்கிள், நடுவுல வாங்க. வீடியோல நீங்க நல்லாத் தெரியணும்" என்று பையன் அவர் முழங்கையைப் பிடித்து எழுப்பினான். நீள வயரைச் சொருகி, அவரை அவருடைய மூலையிலிருந்தும் அவருடைய ஸ்பீக்கர் பெட்டியிடமிருந்தும் பிரித்து, மேடையின் முன் விளிம்புக்கு, மண்டபத்தின் பெரிய ஸ்பீக்கர்களுக்கு நடுவே கொண்டுபோய் நிறுத்தினான். அந்த இடத்தில் நின்று அவர் வாசித்ததே இல்லை. காலுக்குக் கீழே கூட்டம், நாற்காலி நாற்காலியாக முகம், முன்வரிசையில் ஜெயசீலன் சீட்டுக் கத்தையோடு நின்று இவரைப் பார்த்துச் சிரித்தான். டிரம் நாலு தட்டியது, பாட்டு தொடங்கிவிட்டது. பல்லவிக்கு ரிதம், கழுத்து கைக்குள் எப்படி உட்கார்கிறது, வெண்ணெய், வெண்ணெயேதான், இதில் விழாத விரல் எதில் விழும்? முதல் இடையிசை புல்லாங்குழலுடையது, கலீல் கீபோர்டில் வாசித்தான். சரணம். பெண் குரல், சிகாமணி குரல், மறுபடி பெண் குரல். வருகிறது. சட்டை முதுகோடு ஒட்டிவிட்டது. விரலே, என் ராசா, நாப்பது வருஷம் சேர்ந்து சாப்பிட்டோமே, இந்த ஒரு தடவை, இன்றைக்கு மட்டும், அப்புறம் உன்னைக் கேட்க மாட்டேன், விட்டுவிடுகிறேன், மோதிரத்தைத் திரும்பப் போட்டுவிடுகிறேன். எல்லா வாத்தியமும் நின்றது. இது தனிக் கிடாருடைய இடம். மேலே ஏறினார், ஆள்காட்டி விரல், நடுவிரல், ஒரு சறுக்கல், இறங்கத் தொடங்கினார், சுண்டு விரல் விழுந்தது. மோதிர விரல் மடங்கிக்கொண்டது.

சுருண்டு உள்ளங்கைக்குள் போய் உட்கார்ந்துகொண்டது, சிவப்பில் போன அதே மாதிரி, நீலத்தில் போன அதே மாதிரி, அணு அளவும் வித்தியாசமில்லை. கண்ணை மூடிக்கொண்டார். போச்சு, எல்லாம் போச்சு, என் கைதான், என் கைதான். அந்த இரண்டு சுரம் விழுங்கிப்போன பள்ளத்தில் கூட்டம் முகம் சுளிக்கும் என்று காதைக் கொடுத்து நின்றார். பள்ளம் வரவில்லை. மண்டபம் முழுக்க, பெரிய ஸ்பீக்கரிலிருந்து, கிடார் ஒன்று தப்பாமல் இறங்கி வந்துகொண்டிருந்தது. அந்த இரண்டு சுரமும் முத்து முத்தாக விழுந்தன. ஓட்டத்தின் கடைசியில் ஒரு சின்ன இழுப்பு இருக்கிறது, ரெக்கார்டில் அது கிடையாது, ஏதோ ஒரு திருவிழாவில் கஸ்பார் தானாகச் சேர்த்தது, திருச்சியில் அதற்குத்தான் கை தட்டுவார்கள். அந்த இழுப்பும் வந்தது. கண்ணைத் திறந்து கம்பியிலிருந்து வலது கையை எடுத்தார். கிடார் நிற்கவில்லை. இரண்டு கையும் சும்மா இருக்க, ஓட்டம் இரண்டாவது சுற்றுக்கு ஏறி அழகாக இறங்கியது. திரும்பிப் பார்த்தார். கலீல் கீபோர்டின்மேல் குனிந்து, யாரையும் பார்க்காமல், உதட்டைக் கடித்துக்கொண்டு அந்த ஓட்டத்தை வாசித்துக்கொண்டிருந்தான். யார் சத்தம் வெளியே போக வேண்டும் என்று கூட்டிக் குறைக்கிற மிக்சருக்குப் பின்னால் இருக்கிற ஆள் தன் பொத்தான்களையே பார்த்துக்கொண்டிருந்தார். சிகாமணி மைக்கைப் பிடித்துக்கொண்டு மேலே விட்டத்தைப் பார்த்தார். இது இன்றைக்குப் போட்ட ஏற்பாடு இல்லை. அந்த இழுப்பை ஒரு நாளில் பழக முடியாது, கஸ்பாருக்குத் தெரியும், அவருக்கே அது கைவர ஒரு மழைக்காலம் ஆனது. அப்படியானால் எப்போதிலிருந்து? சிவப்பிலிருந்தா? அதற்கும் முன்னாலா? மூலையில் தன் பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்து தன் சத்தத்தை மட்டும் கேட்டுக்கொண்டு, யாருக்கும் தெரியாது யாருக்கும் தெரியாது என்று இவர் இருந்த அத்தனை கச்சேரியிலும், இவர் சத்தம் இவரைத் தாண்டி வெளியே போகவே இல்லை. நிவேதன் போனைத் தூக்கிப் பிடித்தபடி கிட்டே வந்தான். கஸ்பார் சட்டென்று இரண்டு கையையும் கம்பிமேல் வைத்துக்கொண்டு, அழுத்தாமல், விரல்களை அங்கும் இங்கும் ஓட்டினார். பாட்டு முடிகிறவரை ஓட்டினார்.

மண்டபம் எழுந்து நின்று தட்டியது. பையன் ஓடிவந்து கிடாரோடு சேர்த்து அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டான். "கேட்டீங்களா அங்கிள்? அதே டோன், அதே வாசிப்பு! ஒரிஜினல் ஒரிஜினல்தான்!" பின்வரிசையிலிருந்து யாரோ ஒன்ஸ்மோர் என்று கத்தினார்கள், கூடவே நாலு பேர் கத்தினார்கள், பிறகு மண்டபமே கத்தியது. சிகாமணி மைக்கைக் கையால் பொத்திக்கொண்டு வந்து, "வேணாம் கஸ்பாரு, அடுத்த பாட்டுக்குப் போயிரலாம்" என்றார். பதினைந்து வருஷம் பழகினதில் அவர் இவ்வளவு மெதுவாகப் பேசி கஸ்பார் கேட்டதில்லை. கஸ்பார் மேடையைக் கடந்து கீபோர்டு மேசைக்குப் போனார். கலீல் நிமிர்ந்தான், முகம் பேயறைந்த மாதிரி இருந்தது.

"அண்ணே..."

"அந்தக் கடைசி இழுப்பு கொஞ்சம் அவசரமா வருதுடா. நிதானமா இழு" என்றார் கஸ்பார். "ம், ஆரம்பி. ஒன்ஸ்மோர் கேக்குறாங்கல்ல."

திரும்பி நடந்து, மேடையின் நடுவில் போய், கிடாரைச் சரியாக மாட்டிக்கொண்டு நின்றார்.